எழுதி வாங்கிய கடன்



கல்வியின் சிறப்பைப் பற்றி எழுதப்பெறாத ஆண்டு மலர் ஒன்றைக் காண்பது அரிது. ஆனால் அக்கல்விக்கான கட்டணத்தை யார் கட்டுவது, எப்படிக் கட்டுவது என்பது பற்றி எழுதப்பெற்ற கட்டுரைகள் மிகச் சிலவே. பணத்தைப் பற்றிப் பேசினால் கல்வியின் மாண்பு குறைந்துவிடும் என நாம் எண்ணுகிறோம் போலும். புறநானூற்றில் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்னும் பாண்டிய வேந்தன் அவ்வாறு எண்ணவில்லை. ஆசிரியருக்கு ஒரு துன்பம் வந்தபோது உதவியும், மிகுந்த பொருளைக் கொடுத்தும் கல்வியைப் பெறுவது நன்று என அவன் வெளிப்படையாகவே பாடியுள்ளான். பொருள் இல்லாதவன் என்ன செய்வது என்பதை நாம்தாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வெண்ணத்தை என்னுள் விதைத்த இரு நிகழ்ச்சிகளை இத்துறையின் மாணவர் முன்னும், ஆசிரியப் பெருமக்கள் முன்னும், சமுதாயப் பெரியோர் முன்னும் வைக்க விழைகின்றேன்.

திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் வட்டத்தில், செம்பட்டிக்கு அருகே அமைந்த பேரூர் சித்தையன்கோட்டை. நெல்வயலும் தென்னந்தோப்பும் சூழ்ந்த ஊர். அவ்வூரில் ஒரு சிறு மளிகைக் கடையே எங்கள் குடும்பத்தின் வாழ்வாதாரம். 1991-ஆம் ஆண்டு இத்துறையில் இளங்கலைத் தமிழ் முடித்து நான் ஊர் திரும்பியபோது, என் அத்தாவுக்குச் சர்க்கரை நோயால் பார்வை மங்கியிருந்தது. கடையில் அமர ஆள் வேண்டும். முதுகலைக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்த நான், அதை மடித்துக் கல்லாப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு, துவரம் பருப்பு நிறுக்கத் தொடங்கினேன்.

அப்பொழுது எனக்குத் தெரிந்த ஒரே வழி அஞ்சல்வழிக் கல்வி. நம் நாட்டில் 1962-இல் தில்லிப் பல்கலைக்கழகம் அதனைத் தொடங்கியது. 1966-இல் தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இலும் அத்துறையில் இறங்கின. 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. கடையில் இருந்தவாறே படிக்கலாம். பாடங்கள் கட்டுக் கட்டாய்த் தபாலில் வரும். விடுமுறை நாள்களில் தொடர்பு வகுப்புக்குப் போனால் போதும். எல்லாம் சரி; கட்டணத்துக்கு வழி?

கல்லூரியில் நேரில் பயின்ற மூன்றாண்டுகளும் எனக்கு அரைக் கட்டணச் சலுகை கிடைத்தது. விடுதியில் உணவுக்கு ஒரு கொடையாளர் உதவினார். நூலகத்தில் நூல்கள் கிடைத்தன. அஞ்சல்வழி மாணவனாக மாற எண்ணிய அந்த நாளிலேயே அத்தனை கதவுகளும் ஒருங்கே மூடிக்கொண்டன. கல்வி உதவி கேட்டு எங்குச் சென்றாலும் முதலில் கேட்ட வினா, ‘எந்தக் கல்லூரி?’ என்பதே. ‘வீட்டிலிருந்து படிக்கிறேன்’ என்றால், ‘அப்படியானால் செலவு என்ன இருக்கிறது?’ என்பது அடுத்த வினா.

எங்கள் தெருவின் கோடியில் ஒரு ஹாஜியார் இருந்தார். நெல் வணிகர். அவரிடம் நீளமான சிவப்பு அட்டைக் கணக்கேடு ஒன்று இருந்தது. வணிகக் கணக்கு வேறு; அந்த ஏடு வேறு. ஊரில் வட்டியில்லாக் கடன் வாங்கியவர்களின் கணக்கு அதில் இருந்தது. 1992-இல் நான் அவர் முன் சென்று நின்றேன். என்ன படிப்பு, எத்தனை ஆண்டு, முடித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று மூன்று வினாக்களை மட்டும் வினவினார். பின்னர் ஏட்டைத் திறந்து, 1,150 ரூபாய் என்று எழுத்தாலும் எண்ணாலும் எழுதி, என்னைக் கையெழுத்திடச் செய்து, கடையில் இருந்த இருவரைச் சாட்சியாகவும் எழுத வைத்தார்.

எனக்கு உள்ளூர வருத்தம். ஏழை மாணவனுக்கு இவ்வளவு சிறு தொகை கொடுப்பதற்குச் சாட்சி எதற்கு? திருமறையின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியது என்பதை நான் அப்பொழுது அறிந்திருக்கவில்லை. இரண்டாம் அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் அது. அதற்கு ஈராயத்துக்கு முன்புள்ள வசனம், கடன்பட்டவர் இடுக்கணில் இருந்தால் வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. எழுதச் சொன்ன மறையே பொறுக்கவும் சொல்கிறது. ஹாஜியார் இவ்விரண்டையும் அறிந்திருந்தார்.

அதன்பின் நடந்ததைச் சொல்ல இன்றும் நாணுகின்றேன். பணத்தைப் பல்கலைக்கழகத்துக்கு நேரே வரைவோலையாக அனுப்பியிருக்க வேண்டும். அவ்வாறு செய்யாமல், ‘நாங்களே சேர்த்துவிடுகிறோம், பாடங்களையும் நாங்களே வாங்கித் தருகிறோம்’ என்று விளம்பரம் செய்திருந்த ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் கட்டிவிட்டேன். மாதங்கள் சென்றன, பாடக்கட்டு வரவில்லை. நேரில் சென்று பார்த்தபோது அறைக்குப் பூட்டு. என் பெயரில் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பமே பதிவாகவில்லை. ஓராண்டு போயிற்று, ஹாஜியாரின் பணமும் போயிற்று.

அவரிடம் சொல்லாமல் பல நாள் ஒளிந்து திரிந்தேன். பள்ளிவாசலில் அவர் முன்வரிசையில் நின்றால் நான் பின்வரிசையின் கோடியில் நின்றேன். அத்தாதான் ஒருநாள், ‘கடன்காரன் ஒளியலாம், எழுத்து ஒளியாது’ என்று சொல்லி என்னை அனுப்பி வைத்தார்.

ஹாஜியார் முழுவதையும் கேட்டார். திட்டவில்லை. ஏட்டைத் திறந்தார். அந்த 1,150 ரூபாயை அடித்துவிடுவார் என்று ஒரு கணம் நம்பினேன். அவர் அடிக்கவில்லை. அதன் கீழே 1,300 ரூபாய் என்று புதிதாக ஒரு வரி எழுதினார். ‘போன பணமும் கடன்தான் தம்பி. ஆனா அதுக்காகப் படிப்பை விட முடியுமா? இந்தத் தடவை டிராஃப்ட் நீயே எடு. ரசீது எங்கிட்டக் காட்டு’ என்றார்.

1993-இல் முறையாகச் சேர்ந்தேன். மறு ஆண்டுக்கு 1,250 ரூபாய். பகலில் கடை, இரவில் சிம்னி விளக்கடியில் தொல்காப்பியமும் சிலம்பும். 1995-இல் முதுகலைத் தேர்ச்சி பெற்று, ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியப் பணியில் 900 ரூபாய் ஊதியத்தில் அமர்ந்தேன். அவ்வாண்டு ஜூலை முதல் மாதந்தோறும் நூறு ரூபாய். மொத்தம் 3,700 ரூபாய், முப்பத்தேழு மாதங்கள். 1998 ஜூலையில் கடைசித் தவணையைக் கொண்டு சென்றபோது, உள்ளத்தில் ஓர் ஆசை எழுந்தது. இதையாவது வேண்டாம் என்று சொல்ல மாட்டாரா? அவர் நோட்டை விரித்துப் பார்த்து, எண்ணி, பெட்டியில் வைத்தார். என் முகத்தைப் படித்தவர்போல் சொன்னார்: ‘நீ குடுத்ததைத்தான் அடுத்தவனுக்குக் குடுக்கணும். உனக்கு விட்டுட்டா அவனுக்கு எதை எடுத்துக் குடுப்பேன்?’

அப்பொழுதும் எனக்கு அது சற்றுக் கடுமையாகவே பட்டது. அந்த ஏட்டில் என் பெயருக்குக் கீழே எத்தனை பெயர்கள் இருந்தன என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஹாஜியார் மறைந்து ஆண்டுகள் பல ஆயின. அவருக்குப் பின் அந்த ஏட்டைத் தொடர்ந்து எழுத யாரும் வரவில்லை. பணம் திரட்ட முடியாமல் போயிற்று என்பதைவிட, முடிந்தவர்கள் யாரும் திரட்டவில்லை என்பதே உண்மை. அவர்களுள் நானும் ஒருவன்.

இனி இரண்டாவது நிகழ்ச்சி.

சென்ற ஆண்டு என் தங்கையின் மகள் என்னிடம் வந்தாள். இளங்கலைத் தமிழ் முடித்தவள். திருமணமாகி, கைக்குழந்தையோடு இருப்பவள். கணவர் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் வேலை செய்கிறார். அவள் இணையவழியில் முதுகலை படிக்க விரும்பினாள். முதுகலைப் பட்டமும் கல்வியியல் பட்டமும் இருந்தால் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் தேர்வு எழுதலாம் என்பது அவள் கணக்கு. தபால் கட்டு என் காலத்தோடு போயிற்று. இப்பொழுது பாடமும் வகுப்பும் கைப்பேசியிலேயே வருகின்றன. குழந்தை உறங்கும் வேளையில் படிக்கலாம். கட்டணத்துக்கு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன்.

‘சங்கிலியை அடகு வச்சுக் கட்டிரவா மாமு?’ என்றாள்.

அக்கேள்வி என்னைத் தைத்தது. உடனே விடை கூறாமல், வேறு வழிகளைத் தேடிப் பார்ப்போம் என்றேன். இருவரும் அமர்ந்து தேடினோம். தேடியதில் கண்டவற்றை இங்கே வரிசைப்படுத்துவது, இதே நிலையில் உள்ள பிற மாணவிகளுக்குப் பயன்படும் என நம்புகின்றேன்.

முதலில் பட்டத்தின் மதிப்பு. பல்கலைக்கழக மானியக் குழு 2020-இல் திறந்தநிலை, தொலைநிலை, இணையவழிக் கல்விக்கான ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் இம்முறைகளில் வழங்கும் பட்டங்கள் நேரடி வகுப்பில் பெற்ற பட்டங்களுக்கு நிகரானவை என 2022 செப்டம்பரில் அக்குழு தெளிவுபடுத்தியது. எந்த நிறுவனம் எந்தப் பாடத்துக்கு அங்கீகாரம் பெற்றுள்ளது என்பதை அக்குழுவின் பட்டியலில் பார்க்கலாம். 2024 முதல் இம்முறையில் சேரும் மாணவர் ஒவ்வொருவரும் தமக்கெனத் தனி அடையாள எண் ஒன்றைப் பதிவு செய்து பெற வேண்டும். 1992-இல் எனக்கு இப்படி ஓர் ஏற்பாடு இருந்திருந்தால், பூட்டிய அறையின் முன் நான் நின்றிருக்க மாட்டேன்.

அடுத்து உதவித்தொகை. சச்சார் குழு 2006 நவம்பரில் தன் அறிக்கையை அளித்தது. அதனை அடுத்து 2007-இல் சிறுபான்மை மாணவருக்கான மெட்ரிக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை தொடங்கப்பெற்றது. ஆய்வு மாணவருக்கென 2009-இல் வந்த மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. தமிழக அரசு 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் மாதம் 1,000 ரூபாய் தந்து ஆயிரக்கணக்கான பெண்களைக் கல்லூரிக்கு அனுப்பியது. ஆயினும் அது முதற்பட்டம் வரையில்தான். முதுகலைக்கு வரும்போது அந்தக் கைகோல் இல்லை.

அடுத்துக் கடன். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் 2001-இல் உருவானது. நலிந்த குடும்பத்து மாணவருக்குப் படிக்கும் கால வட்டியை அரசே ஏற்கும் திட்டம் 2009-இல் வந்தது. ஆனால் அது தொழிற்கல்விக்கும் தொழில்நுட்பக் கல்விக்கும் உரியதாக வகுக்கப்பட்டது. 1999-இல் அமைந்த தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகமாகிய டாம்கோ குறைந்த வட்டியில் தரும் கல்விக் கடனும் அத்தகைய படிப்புகளையே நோக்கியது. வீட்டிலிருந்து தமிழ் முதுகலை படிக்க விரும்பும் ஒரு தாயை மனத்தில் வைத்து இவற்றுள் எதுவும் எழுதப்படவில்லை.

விதியை மாற்றி எழுத முடியாதா என்றால், முடியும். ஆதிதிராவிட மாணவருக்கான மத்திய அரசின் மெட்ரிக்குப் பிந்தைய உதவித்தொகையில் அஞ்சல்வழி மாணவரும் சேர்க்கப்பட்டிருந்தனர். கட்டணத்தோடு நூல்கள் வாங்க ஆண்டுக்கு 1,200 ரூபாய் என 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் வகுத்தது. இந்திரா காந்தி பல்கலைக்கழகம் சிறைவாசிகளுக்குக் கட்டணமின்றிக் கல்வி அளித்து வருகிறது. இச்செய்தியைப் படித்தபோது பத்ருப் போர் என் நினைவுக்கு வந்தது. அப்போரில் சிறைப்பட்டவருள் எழுத்தறிந்தோர், மதீனாவின் சிறுவர் பதின்மருக்கு எழுதப் படிக்கக் கற்பித்தால் அதுவே மீட்புத் தொகை என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றார்கள். பொன்னையும் எழுத்தையும் ஒரே தராசில் வைத்த தலைமை அது.

கடல் கடந்தும் பார்த்தோம். அமெரிக்காவில் பாடங்களுள் பாதிக்கு மேல் தொலைவழியில் நடத்தும் நிறுவனங்களின் மாணவருக்கு அரசின் கல்வி உதவி இல்லை என்னும் விதி 1992-இல் வந்து, 2006-இல் நீக்கப்பட்டது. அதன்பின் வீட்டிலிருந்து முதுகலை படிப்போரும் அரசுக் கடன் பெறலாயினர். ஆனால் இளங்கலை ஏழை மாணவருக்குரிய திருப்பித்தர வேண்டாத நிதி பொதுவாக முதுகலைக்கு இல்லை. 2012 ஜூலை முதல் முதுகலை மாணவர் வாங்கும் கடனுக்குப் படிக்கும் நாளிலிருந்தே வட்டி ஏறுகிறது. கதவு திறந்தது, ஆனால் திறந்த கதவின் வழியே கடன் சுமையோடுதான் பலர் வெளியே வந்தனர். உதவி கிடைப்பது ஒன்று. எவ்வகை உதவி என்பது மற்றொன்று.

எங்கள் வீட்டில் இவ்விரண்டாவது வினா இன்னும் கூர்மையானது. வட்டி நமக்கு விலக்கப்பட்டது. கல்விக்கென வட்டிக் கடன் வாங்க நேர்ந்தால் அதன் நிலை என்ன என்பதை மார்க்க அறிஞர்கள் ஆராய்ந்து சொல்வர். நான் அவர்களை முந்திக்கொள்ள மாட்டேன். ஆனால் இத்தகைய ஒரு பெண்ணிடம் ‘வட்டி வாங்காதே’ என்று மட்டும் சொல்லிவிட்டு, வட்டியில்லாத பணம் எங்கே கிடைக்கும் என்பதைச் சொல்லாமல் போவது நேர்மையாகுமா?

எனவே நகரத்திலுள்ள ஓர் உதவி அமைப்பை நாடினோம். நல்லவர்கள், அன்போடு அமர வைத்துப் பேசினார்கள். விண்ணப்பப் படிவத்தில் கல்லூரி முதல்வரின் சான்று, வருகைப் பதிவு, விடுதிக் கட்டண ரசீது என்று இடங்கள் இருந்தன. அவளிடம் எதுவுமில்லை. ‘வீட்டிலிருந்து படிக்கிற பிள்ளைக்கு என்னம்மா செலவு?’ என்று ஒரு பெரியவர் பரிவோடுதான் கேட்டார். முப்பது ஆண்டுகளுக்கு முன் என் காதில் விழுந்த அதே கேள்வி. அவள் தலைகுனிந்தாள். நான் பதில் சொன்னேன்: பருவக் கட்டணம், தேர்வுக் கட்டணம், இணைய இணைப்பு, நூல்கள், தேர்வு மையத்துக்குப் பயணம், அந்த நாள்களில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். பெரியவர் குறித்துக்கொண்டார். பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். இந்நாள் வரை பதில் இல்லை. அவர்கள்மீது எனக்குச் சினமில்லை. படிப்பு என்றால் வாசற்படி தாண்டிச் செல்வது என்று அப்படிவத்தை அமைத்தவர் நினைத்தார், அவ்வளவே.

நம் முன்னோர் இதைவிட அகலமாக நினைத்தனர். கெய்ரோவில் 970-இல் எழுந்த அல்அஸ்ஹரில் மாணவருக்கு வக்ஃபு வருவாயிலிருந்து ரொட்டி வழங்கினர். இமாம் அபூஹனீஃபா அவர்களின் மாணவர் அபூயூசுஃப் வறியவர். குடும்பம் அவரை வேலைக்கு அனுப்ப விரும்பியது. ஆசிரியர் நூறு திர்ஹம் கொண்ட பையொன்றைத் தந்து, தீர்ந்தால் சொல் என்றார். அவர் சொல்லும் முன்பே அடுத்த பையும் வந்துகொண்டிருந்தது என வரலாற்றாசிரியர் எழுதுவர். அந்த மாணவரே பின்னாளில் ஹாரூன் அல் ரஷீதின் காலத்தில் தலைமை நீதிபதியானார். தமிழகத்திலும், சீதக்காதி வள்ளல் தொடங்கி வைத்த ஆதரவு அவர் மறைவோடு நின்றிருந்தால் உமறுப்புலவரின் சீறாப்புராணம் நின்றிருக்கும். அபுல்காசிம் மரைக்காயர் கைகொடுத்ததால் நிறைவுற்றது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர்ந்ததால் நமக்கு ஒரு காப்பியம் கிடைத்தது.

அன்றிரவு நான் பழைய பெட்டியைக் குடைந்து, ஹாஜியாருக்குக் கட்டிய தவணைகளை நான் குறித்து வைத்திருந்த சிறு தாளை எடுத்தேன். முப்பத்தேழு வரிகள். அதைப் பார்த்த பின் உறக்கம் வரவில்லை. மறுநாள் கடைவீதியில் சிவப்பு அட்டை போட்ட கணக்கேடு ஒன்றை வாங்கினேன். முதற்பருவக் கட்டணத்தை எழுத்தாலும் எண்ணாலும் எழுதி, என் தங்கை மகளைக் கையெழுத்திடச் சொன்னேன். என் மனைவிக்குச் சற்று வருத்தம். ‘உடன்பிறந்தா மகளுக்குக் கொடுக்கிறதுக்குப் பத்திரமா?’ என்றார். ஆனால் கையெழுத்திட்டவளின் முகத்தில் நான் வேறொன்றைக் கண்டேன். உதவி அமைப்பில் குனிந்த தலை நிமிர்ந்திருந்தது. ‘வேலை கெடச்சதும் மாசாமாசம் கட்டிருவேன் மாமு’ என்றாள். ஹாஜியார் என்னிடம் சாட்சி கேட்டதன் பொருள் அப்பொழுதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. திருப்பித் தருவான் என்று நம்பியதால்தான் அவர் எழுதிக்கொண்டார். சங்கிலி அவள் கழுத்திலேயே இருக்கிறது.

ஆயினும் உண்மையைச் சொல்ல வேண்டும். ஓய்வூதியம் பெறும் நாளை நெருங்கும் ஓர் ஆசிரியனின் கைக்கு எட்டியது முதலாண்டு மட்டுமே. இரண்டாம் ஆண்டுக்கான பணம் இன்னும் ஏட்டில் ஏறவில்லை. அவளைப் போன்ற இன்னும் மூன்று பெண்கள் எங்கள் தெருவிலேயே என்னிடம் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்கு நான் இன்னும் விடை கூறவில்லை.

ஆதலால் இம்மலரின் வாயிலாக ஒரு வேண்டுகோள். இத்தமிழ்த் துறையின் முன்னாள் மாணவர் நூற்றுக்கணக்கில் உள்ளோம். இத்துறையிலேயே ஒரு கணக்கேட்டைத் திறப்போம். வட்டி வேண்டாம், பிணை நகை வேண்டாம். மானியக் குழுவின் பட்டியலில் உள்ள நிறுவனமா என்று முதலில் பார்ப்போம். பணத்தை மாணவர் கையில் கொடாமல் பல்கலைக்கழகக் கணக்கில் நேரே செலுத்தி, ரசீதை ஏட்டில் ஒட்டுவோம். வருவாய் வந்தபின் சிறு தவணைகளாய்த் திரும்பப் பெறுவோம். இயலாமற்போனால் அவகாசம் தருவோம். அறவே இயலாதவருக்கு ஜகாத் இருக்கிறது; அதைப் பெறும் எண்வகையினருள் கடன்பட்டோரும் உள்ளனர். நேரில் வருபவர், வீட்டிலிருந்து படிப்பவர் என்னும் வேறுபாடு மட்டும் அந்த ஏட்டில் இருக்க வேண்டாம்.

என் பங்கு 3,700 ரூபாய். இன்றைய விலைவாசியில் அது சிறு தொகைதான். எனினும் ஹாஜியாரின் கடைசித் தவணையை நான் கொடுத்தபோது அவர் சொன்ன அந்த ‘அடுத்தவன்’ யார் என்பதைத் தேட எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின. துறைத் தலைவர் அவர்கள் ஏட்டைத் திறந்தால், முதல் வரியில் அத்தொகையை எழுதிக்கொள்ளலாம். சாட்சிக் கையெழுத்துக்கு இருவரை நானே அழைத்து வருகிறேன்.

வல்ல இறைவன் நம் முயற்சிக்கு அருள் புரிவானாக! ஆமீன்.